மூடியில் ஏழு பல் தடங்கள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நாற்பத்து மூன்று உயர்ந்த பேனாக்களைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, தங்கைக்கு மட்டும் பால்பாயிண்டில் எழுதுகிற ஆள் நீ ஒருவன்தான் இருப்பாய். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்றால் கேட்கிறார்களா?

இங்கே ஏதோ ஓடுகிறது. போன வாரம் அச்சகத்திலிருந்து ஆள் வந்தார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து பிழை திருத்திய மேசையை வேறு ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அவர் இறந்து பத்து மாதம் அங்கே யாரையும் உட்கார வைக்காமல் இருந்ததே பெரிது. வந்த ஆள் டிராயரில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த டிபன் டப்பா மூடி, ஒரு கட்டு புரூஃப் தாள், அப்புறம் அந்தப் பேனா. எங்கள் கல்யாணத்துக்கு நீ அவருக்குக் கொடுத்தாயே, அதுதான். வீடு முழுக்கத் தேடிவிட்டுத் தொலைந்தது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

அவர் எப்போதும் போடும் சிவப்பு மையையே நிரப்பிப் பார்த்தேன். தாளில் இறங்க மாட்டேன் என்கிறது, விரலில் மட்டும் தாராளமாக இறங்குகிறது. பக்கத்து வீட்டு டீச்சர் என் கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எங்க வெட்டிக்கிட்டீங்க?" என்று பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

உனக்கு அனுப்புகிறேன். எழுத வைத்தால் போதும். அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் வேண்டும்.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 20

என் அருமைத் தங்கைக்கு,

பொட்டலம் கிளினிக்குக்கு வந்தபோது நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் பிரித்துவிட்டேன். முப்பது வருடப் பல் வைத்தியத்தில் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. உன் அண்ணிக்கு முழங்கால் தேவலை. மாடிப்படி விஷயத்தில் என் பேச்சு எடுபடவில்லை.

இந்தப் பேனாவை நான் வாங்கிய நாள் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. கடைக்காரர் இரண்டே இரண்டு வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, "முதல்ல கையில புடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்றார். எபோனைட் என்கிற இறுகிய ரப்பர், கடைசல் பட்டறையில் ஒருவர் கையாலேயே கடைந்தது. உலோகம் போலச் சில்லென்று இருக்காது. எடுத்த அரை நிமிடத்தில் உன் கைச்சூட்டுக்கு வந்துவிடும். நிப்பு தங்கம். ஆனால் தாளைத் தொடுவது தங்கமில்லை, அதன் நுனியில் ஒட்டிய ஓர் உலோக மணி. கடுகில் கால்வாசிகூட இருக்காது. அதைத் தேய்த்துப் பதப்படுத்தியவருக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும். ஒன்றை எனக்கும் ஒன்றை மாப்பிள்ளைக்கும் வாங்கினேன். என்னுடையது இன்றுவரை மை கண்டதில்லை.

மாப்பிள்ளையுடையதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஜன்னலோர வெயிலில் கிடந்து கறுப்பெல்லாம் போய்ப் பழைய செருப்பு நிறத்துக்கு வந்திருக்கிறது. நிப்பு மணி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. மூடியில் ஏழு பல் தடங்கள். ஐந்து, மேல் வரிசை இடது கோரைப்பல். இரண்டு, அதற்கு நேர் கீழே உள்ளது. தொழில் பழக்கம், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் குளியலறைத் தரையில் உட்கார்ந்து பேனா கழுவுவோமே, நினைவிருக்கிறதா? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கிழிந்த பனியன் துணி. உன் பேனாவையும் நான்தான் கழுவுவேன், நீ நிப்பை வளைத்துவிடுவாய் என்று. தண்ணீர் நீலமே இல்லாமல் தெளியும்வரை உன்னை எழுந்திருக்க விடமாட்டேன். நீ சிணுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போல எனக்கு அப்புறம் அமையவில்லை.

கவலைப்படாதே. பேனா உன் அண்ணன் கைக்கு வந்துவிட்டது.

உன் அண்ணன்


பிப்ரவரி 16

தங்கைக்கு,

இத்துடன் பேனா. நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. உள்ளே காய்ந்திருந்த சிவப்பு மையைக் கரைக்கவே ஒன்று போய்விட்டது. தடங்களை வெந்நீர்ச் சூடு காட்டி மேலே எழுப்பி, எழாத இடத்தில் எபோனைட் தூளைக் குழைத்து அடைத்து, கிளினிக்கில் பல்லுக்குப் பாலிஷ் போடும் சக்கரத்தாலேயே இழைத்தேன். நிப்பு மணியை உருட்டிச் சமப்படுத்திவிட்டேன். எந்தக் கையில் பிடித்தாலும் வெண்ணெய் போல ஓடும்.

என்னுடையதையும் பக்கத்தில் வைத்து உன் அண்ணியிடம் காட்டினேன். எது யாருடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கிடைத்ததும் எழுது.

உன் அண்ணன்


மார்ச் 8

தங்கைக்கு,

பேனா வந்ததா? தபால் ஆபீசில் விசாரித்தேன், கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய் என்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். இரண்டு வரி எழுது.

உன் அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

பெட்டியைத் திறந்ததும், உன் பேனாவைத் தவறுதலாக எனக்கு அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். மாறி வந்துவிட்டது, அவருடையதை அனுப்பு என்று உனக்குக் கடிதம்கூட எழுதத் தொடங்கினேன். அப்புறம்தான் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

எழுத வைத்தால் போதும் என்றுதானே சொன்னேன்?

அது அச்சகத்திலிருந்து வந்த பிறகு உனக்கு அனுப்பும்வரை ஐந்து நாள் என்னிடம் இருந்தது. அந்த ஐந்து நாளும் வேலையெல்லாம் முடித்துவிட்டு, மூடியை வாயில் வைத்து, அவர் பல் பதிந்த பள்ளத்தில் என் பல்லை வைத்துப் பார்ப்பேன். பொருந்தாது. அவர் பல் பெரிது. ஆனாலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதையெல்லாம் எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் உனக்குப் புரியாது.

மிச்ச புரூஃபை வீட்டுக்குக் கொண்டுவந்து இதே பேனாவால்தான் திருத்துவார். ஒரு வாக்கியம் சரியா தப்பா என்று பிடிபடாத போதுதான் அவர் கடிப்பார். அவர் கடிக்கிற சத்தம் கேட்டால் நான் சமையலறையிலிருந்து பேச்சுக் கொடுக்க மாட்டேன். நிப்பு சாய்ந்து தேய்ந்தது அவர் பேனாவைச் சாய்த்துப் பிடித்ததால். சரிசெய்தாலும் அவர் பிடித்த அந்தச் சாய்வில் மட்டும்தான் அது எழுதும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். இப்போது எந்தக் கையிலும் ஓடுகிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கல்யாணமாகி முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தோம். உன் பெட்டியிலிருந்து, அரக்குப் பூசிப் பொன்தூள் தூவிய அந்தப் பேனாவை எடுத்து அவர் செய்தித்தாள் ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். நீ அவர் கையிலிருந்து வாங்கி, எல்லார் முன்னாலும் துணியால் துடைத்து உள்ளே வைத்தாய். வண்டியில் வரும்போது, "உங்க அண்ணன் வீடு இல்ல அது, மியூசியம். நுழைவுச் சீட்டு வாங்காம தொட்டுட்டேன்" என்று சிரித்தார். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம், உன் வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவருக்கு லீவு கிடைக்காமலே போனது. நானும் வராமலே இருந்துவிட்டேன். நீ அன்றும் துடைத்தாய், இப்போதும் துடைத்திருக்கிறாய்.

அவர் போய்விட்டார். அண்ணனும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன்னோடு பேசப் பிடிக்கவில்லை. பேனாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாற்பத்து நாலாக வைத்துக்கொள். பதில் எழுத வேண்டாம்.

தங்கை


மார்ச் 23

என் தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

மன்னிப்பு என்று ஒரு வரியில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். உன் அண்ணி எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க பண்ணினதை எழுதுங்க. மன்னிப்பை அவ பாத்துக்குவா" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அந்தத் தடங்களை எடுக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழுது பார்க்கிற சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அது பொய். ஒவ்வொன்றும் மறையும்போது "ஒழிஞ்சுது" என்று வாய்விட்டே சொன்னேனாம். அண்ணி கேட்டிருக்கிறாள். எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காது. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவர் வந்த பிறகு உனக்கு நான் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீ சிரித்த மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்ததே இல்லை. நான் உன்னைத் தண்ணீர் தெளியும்வரை உட்கார வைத்தவன்தானே. எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பொருளை அவருக்குக் கொடுத்தேன். அவர் அதைப் பேனாவாக வைத்துக்கொண்டார். நான் உங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அந்த மூடியில் ஒரு தடம் கூடியிருக்கும். வேண்டுமென்றே கடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு திரும்புவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் அவர் பல் கட்டிக்கொள்ள என் கிளினிக்குக்கு வந்தார், ஞாபகமிருக்கும். காலை வண்டியில் வந்து மாலை வண்டியில் போனார், வீட்டுக்கு வரவில்லை. அச்சு எடுக்க வாயில் மாவை வைத்துவிட்டு, அது இறுகும்வரை பக்கத்தில் நின்று, புதிதாக வாங்கிய ஒரு பேனாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய காலத்துச் செல்லுலாய்டில் செய்தது, மூடியைத் திறந்தால் கற்பூரம் மணக்கும். அவர் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார். அச்சை வெளியே எடுத்ததும் முதல் பேச்சே, "வாயை அடைச்சு உக்கார வெச்சு மியூசியத்தைச் சுத்திக் காட்டிட்டீங்களே மச்சான்" என்றுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்று சிரித்திருக்கலாம்.

அந்தப் பல் அச்சு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, மேல் வரிசையும் கீழ் வரிசையும். அதை வைத்து அந்த இரண்டு பல்லை உலோகத்தில் வார்க்க முடியும். எபோனைட் சூட்டில் இளகும். மூடியில் அழுத்தினால் தடம் விழும். ஏழும் எங்கெங்கே எவ்வளவு ஆழத்தில் இருந்தன என்று வேலை தொடங்கும் முன் படம் வரைந்து வைத்திருக்கிறேன். ஒரு மயிரிழை பிசகாமல் செய்து தர முடியும். அவர் பல், அவர் கடித்த அதே இடம். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

எழுதாவிட்டாலும் உன் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

உன் அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். வாயில் மாவோடு அவர் கண்ணை உருட்டுவதை நினைத்து. அப்புறம் அழுதேன். அவர் இதை என்னிடம் சொல்லவே இல்லை. பல் கட்டிக்கொண்டு வந்தவரிடம் அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "நிறைய" என்றார், அவ்வளவுதான்.

தடம் போட வேண்டாம். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். நீ செய்து கொடுத்தால் நான் வாங்கிக்கொள்வேன். வாயில் வைத்துப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் அது அவர் கடித்தது என்றே எனக்கு ஆகிவிடும். எனக்கு அதுதான் பயம். அச்சைத் தூக்கி எறிந்துவிடாதே. தபாலிலும் அனுப்பாதே. நான் வந்து பார்க்க வேண்டும்.

அவரைப் பற்றிப் பேச எனக்கு இங்கே ஆள் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷன் என்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு டீ போடப் போய்விடுவேன். தங்கமான மனுஷனை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? உனக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காத ஆளைத்தான் உற்றுப் பார்ப்போம். அவர் எப்படிச் சாப்பிட்டார், எங்கே உட்கார்ந்தார், எதற்கு உன்னை எரிச்சல்படுத்தினார், எல்லாம் உனக்கு நினைவிருக்கும். எனக்குத் தெரியாதவை உன்னிடம் இன்னும் எத்தனை இருக்கின்றன? ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். நல்லதாகத் திருத்தாமல், நடந்தது நடந்தபடி.

இருபத்திரண்டு வருடமும் அவர் உன்னை மியூசியம் என்றுதான் சொன்னார். ஆனால் அச்சகத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் பேனாவைக் காட்டி, மச்சான் கொடுத்தது என்பாராம். பை கொண்டுவந்தவர் சொன்னார். உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன், சமாதானத்துக்காக இல்லை.

எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் வரலாம் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நாள் பார்த்தேன். அது தீர்வதாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே வருகிறேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி. பத்து நாள் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வேறு ஆளை அனுப்பாதே, நீயே வா.

தங்கை