மாவு பூசிய முசுறுகள்

பிப்ரவரி 20
வன அதிகாரி விச்சாய் பொய் சொல்கிறார். என் அம்மா முசுறு எறும்புக் கூட்டில் விஷப்பொடி தூவினாளாம்.

அது மரவள்ளி மாவு. கோலால் குத்திக் கூடையில் உதிர்த்த கூட்டில் மாவைக் கொட்டினால் எறும்புகளின் பிடி நழுவும். புழுக்கள் மட்டும் நமக்கு. வெள்ளையான எறும்புகளை அதே மரத்தடியில் உதறிவிடுவது எங்கள் வழக்கம். ஏறிப் போய் மறுபடி கூடு கட்டும். அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்து அம்மா பெயரைப் போட்டுப் பலகை எழுதிவிட்டார்: புவாலா, காட்டுக்குள் வரத் தடை. கோலையும் கூடையையும் பிடுங்கிக்கொண்டார்.

அம்மா கைகூப்பியபடி நின்றாள். தாய்லாந்தின் இந்த ஈசான் மண்ணின் வறட்சியில் மூன்று மாதம் எங்களுக்குக் கறி அந்தப் புழுதான். வேறு எதைத் தின்பது?

பிப்ரவரி 23
அம்மா எறும்புகளை உதறிய அதே மாமரத்தின் தாழ்ந்த கிளையில் புதுக் கூடு. ஓர் எறும்பு புழுவை வாயில் கவ்வி, இலைக்கு இலை தொட்டுத் தொட்டு இழுக்கிறது. புழுவின் வாயிலிருந்து பட்டு நூல். விஷம் தின்ற எறும்பா தையல் போடும்?

மார்ச் 4
இலை இடுக்கில் கைபேசி விளக்கை அடித்துப் படமெடுத்தேன். அன்று குருணையாக இருந்த புழு இன்று அவித்த ஒட்டரிசிப் பருக்கை. காலில்லை, கண்ணில்லை. வாயை மட்டும் நீட்டுகிறது.

மார்ச் 6
கை முழுக்கக் கடி. வீங்கிவிட்டது.

மார்ச் 15
ராணியாகப் போகிற புழுக்கள் வேர்க்கடலைப் பருப்பளவு. சில தோலை உரித்து, கால்களை மடித்து, அசையாமல் கிடக்கின்றன. மேலே உறை இல்லை. இந்தச் சாதியில் பட்டெல்லாம் வீடு தைக்கவே போய்விடுகிறது. தனக்கென்று ஒரு போர்வை கிடையாது. அம்மா ஞாபகம்தான் வந்தது.

படத்தை அவளிடம் காட்டினேன். "நல்லா பருத்திருக்கு. புதினா போட்டுப் பிசைஞ்சா..." எச்சில் விழுங்கினாள். பிறகு, "விடுடி துவாங். பெரியவங்களோட என்ன வம்பு?"

பக்கத்து வீட்டுக் கம்பா அக்கா சிரித்தாள். "உங்கம்மா விஷக்காரின்னா, அவ அரைச்ச முசுறுத் துவையலத் தின்ன நாங்கல்லாம் எப்பவோ போயிருக்கணும்!"

இதை வன அலுவலகத்தில் வந்து சொல்வாயா என்றேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மார்ச் 28
படுத்துக் கிடந்தவற்றுக்குக் கண் கறுத்துவிட்டது. முதுகில் சிறகு முளை.

ஏப்ரல் 19
மழை. பச்சை ராணிகள் சிறகோடு பறந்தன. ஒன்றைப் புட்டியில் பிடித்தேன். எங்களுக்கு இந்த வருடம் ஒரு பிடி புழுகூட இல்லை.

ஏப்ரல் 21
படங்களையும் புட்டியையும் விச்சாய் மேசையில் வைத்தேன்.

"எந்த மரத்துதோ, யாரு கண்டா?"

"வாங்க, காட்டுறேன்."

"வேலை கெடக்கு, போம்மா."

வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்தாள். கைகூப்பவில்லை. "மரத்தடிக்கு வாங்க. வரலேன்னா என் கோலக் குடுங்க."

அவர் காகிதத்தில் முத்திரை குத்தினார். அடுத்ததிலும் குத்தினார்.

"என் கோலக் குடுங்க ஐயா."