விரதத்தை முறித்தவள்

மாமி,

இன்று காலை லிப்ட் கதவு திறந்ததும் திருநீற்று வாசமும் ஈரத் தலைமயிர் வாசமும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. மேல்மாடிப் பெண்கள் கந்தசஷ்டிக்குக் கோயிலுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, "அன்ரியும் விரதமோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, நான் காலமைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போறன்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. நீங்கள் நின்றிருந்தால் உங்கள் முகமும் அப்படித்தான் சுருங்கியிருக்கும். அதை நினைக்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீங்கள் போன பிறகு வருகிற முதல் சஷ்டி இது.

உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தேன். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றதும் சாமி அறையிலிருந்து அந்தச் சின்னச் செம்பை எடுத்து என் கையில் தந்தீர்கள். சஷ்டி ஆறு நாளும் அதில் கொள்ளுகிற தண்ணீர்தான் எனக்கு ஆகாரம். "ஓர்மம் வேணும் பிள்ளை. ஓர்மம் இருந்தா முருகன் மடியில தருவான்" என்பீர்கள். பசிக்கு அசையாத மனவுறுதிதான் உங்களுக்கு ஓர்மம். நீங்களும் என்னோடு பட்டினி கிடந்தீர்கள், அதை மறைக்கமாட்டேன். உங்கள் மகனையே அப்படிக் கிடந்துதான் பெற்றதாகச் சொல்வீர்கள். எனக்கு முருகனோடு ஒரு கோபமும் இல்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் விரதத்தின் நடுவில் எனக்கு மாதவிலக்கு வந்துவிடும். சாமி அறைப் பக்கம் போகக்கூடாது, விரதம் முறிந்தது என்று செம்பைத் திரும்ப வாங்கிவிடுவீர்கள். பிள்ளை தங்காததற்கு அந்தக் குறைதான் காரணம் என்பது உங்கள் கணக்கு. என்னுடைய நாட்களை என்னைவிட நன்றாக நீங்கள் நினைவு வைத்திருந்தீர்கள்.

ஒரு வருடம் அது வரவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்த உங்கள் தங்கைக்குப் போன் எடுத்து, "இந்த முறை முருகன் தடையில்லாம விட்டிட்டான்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னீர்கள். எனக்குத் தலை சுற்றியது. தண்ணீரையும் சத்தி எடுத்தேன். "வெறுவயித்துப் பித்தம். ஓர்மத்தை விட்டிடாதையும்" என்றீர்கள். மாதம் தவறினால் வேறென்ன அர்த்தம் என்று தெரியாத பெண்களா நாம்? ஆனால் விரதம் முறியாமல் போகிறதே என்ற புளுகத்தில், அந்தச் சந்தோஷத்தில், உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எதைக் கேட்டுப் பட்டினி கிடந்தோமோ அது வந்து உள்ளே பட்டினி கிடந்தது.

ஆறாம் நாள் வருகிற சூரன்போருக்கு முதல் நாள் குளியலறையில் விழுந்தேன். த்ரீவீலில் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு தாதி, "அய் நங்கி, மொனவத் கேவே நெத்தே?" என்று கேட்டாள். ஏன் தங்கச்சி ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் அந்தச் சிங்களத்துக்கு அர்த்தம். அவள் தன் தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்து என் வாயில் வைத்தாள். பட்டினியால்தான் போனது என்று டொக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பின்னேரம் திருநீற்றோடு வந்தீர்கள். என் சட்டையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைப் பார்த்தீர்கள். "நாளைக்குச் சூரன்போர் பிள்ளை. அதுமட்டும் பொறுத்திருக்கக்கூடாதோ?" என்றீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தங்கவில்லை. நானும் விரதம் பிடிக்கவில்லை. சஷ்டி நாட்களில் உங்கள் கண்ணுக்கு முன்னால் மேசையில் இருந்து மூன்று வேளையும் சாப்பிட்டேன். சொந்தக்காரரிடம் அதை நெஞ்சழுத்தம் என்றீர்கள். உங்கள் மகன் பயந்த குரலில் அடம் என்றார். நீங்கள் சாப்பிடாமல் கிடந்தது மட்டும் எல்லோருக்கும் வைராக்கியமாக இருந்தது.

போன வருடம் நீங்கள் படுக்கையோடு கிடந்தபோதும் சஷ்டி வந்தது. சீனி வருத்தம், வேளைக்கு வேளை மருந்து, வெறும் வயிற்றில் கொடுக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நீங்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "இந்த வயசிலயும் என்ன உறுதி" என்று கண்ணைத் துடைத்தார்கள். சூரன்போருக்கு முதல் நாள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கஞ்சிக் கோப்பையோடு உங்கள் பக்கத்தில் இருந்தேன்.

"வாயைத் திறவுங்கோ மாமி."

"நாளைக்குச் சூரன்போர் பிள்ளை" என்று கெஞ்சினீர்கள்.

"அதுமட்டும் பொறுக்க ஏலாது மாமி."

தாடையைப் பிடித்துக் கரண்டியை உள்ளே விட்டேன். கண்ணீர் வழிய வழிய விழுங்கினீர்கள். அவசரப்படாமல், வாயைத் துடைத்துத் துடைத்து, கோப்பை வழித்து முடியுமட்டும் ஊட்டினேன். உங்கள் நன்மைக்குத்தான் என்று வெளியே நின்றவர்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் எதற்காக ஊட்டினேன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்பே போய்விட்டீர்கள். அதுவரை என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை, மாமி. வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

இன்று பாணை வெட்டிச் சம்பலோடு மேசையில் வைத்தேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரி நாளிலிருந்து சஷ்டி வந்தால் எனக்குப் பசிப்பதில்லை. உங்களுக்கு முன்னால் இருந்து நான் தின்ற ஒவ்வொரு வாயும் தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்கியதுதான். இனிப் பார்க்க நீங்கள் இல்லை, சாப்பிடாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. உங்கள் செம்பை எடுத்துத் தண்ணீர் நிரப்பிவைத்துக்கொண்டு கடைசித் துண்டுவரை தின்று முடித்தேன்.

ஓர்மம் நிறைய இருக்கிறது, மாமி. மடிதான் வெறுமையாகக் கிடக்கிறது.