கேசட்டில் என் சத்தம்

1996 ஐப்பசி 20, செவ்வாய்

காலையில் இருந்து தூறல். ஆற்றில் செந்தண்ணீர். டீக்கடையில் கூட்டம் இல்லை, அதனால் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் கொடுத்த பென்சில். ‘ழ’ இன்றைக்கு நன்றாக வளைந்தது. மழை, மழை, மழை.

பால் 6 லி. சீனி வாங்க வேண்டும்.

நாடகத் துறை செல்வி டீச்சர் கேசட் பெட்டியோடு கடைக்கு வந்தார். முன்பு இந்தக் கல்லூரியில் பாடம் எடுத்த நாடக ஐயாவின் வகுப்புகளைப் பதிந்த கேசட்டுகள். பூஞ்சை பிடிக்கும் முன் வேறு கேசட்டில் ஏற்றுகிறார்களாம். மேலே ஒட்டிய சீட்டை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். மேடைக்கு வருதல். டீச்சர் கை தட்டினார்.

“இதுல உங்க சத்தமும் கெடக்கு, அண்ணாச்சி. வந்து கேளுங்க.”

பார்ப்போம் என்று சொல்லிவிட்டு கிளாஸ் கழுவப் போனேன்.

21, புதன்

மழை விட்டது. கேட்கப் போகவில்லை.

அப்போதெல்லாம் வாசலிலேயே “டீயேய்...” என்று நீட்டிக் கூவித்தான் ஐயாவின் வகுப்புக்குள் போவேன். ஒரு நாள் டீயை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். உள்ளே யாரோ என்னைப் போலவே கூவினார்கள். ஒரே சிரிப்பு. அதோடு கூவுவதை விட்டேன். அதுமுதல் வகுப்புகளுக்கு டீ கொண்டுபோவது மச்சினன் இசக்கிதான். காரணம் அவனிடமும் சொல்லவில்லை.

“அத்தான், எழுதுனது போதும். பால் பொங்குது.”

பொங்கிவிட்டது.

22, வியாழன்

நல்ல வெயில். போனேன். டீச்சர் பட்டனை அமுக்கினார். கர்ர் என்றது. பிறகு நான். “டீயேய்...” எவ்வளவு நீளம்! கிளாஸ் சத்தம். என் செருப்பு வெளியே போகிறது.

அப்புறம் நாடக ஐயா. “இம்புட்டு நேரம் நான் கத்துதேன், ஒருத்தனும் பாக்கல. அவரு வந்ததும் எல்லாரும் வாசலப் பாத்தீய. இருங்க, இப்ப நான் அண்ணாச்சியா வாரேன்.”

கதவுச் சத்தம். “டீயேய்...” பாதியில் கீச்சென்று உடைந்தது. டங்.

ஒரு பெண்பிள்ளை: “ஐயா, வேட்டியெல்லாம் டீ!”

அதே சிரிப்பு. ஐயாவும் சேர்ந்து. “எனக்கு வரமாட்டேங்கு. நல்லா சிரிங்க.”

கூவியது ஐயா! சிரித்தது ஐயாவைப் பார்த்து! திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும்.

“கேசட்டு தேஞ்சிரும், அண்ணாச்சி.”

23, வெள்ளி

திரும்பவும் மழை. நாடகத் துறைக்கு டீ. இசக்கி தட்டை எடுத்தான்.

“வையிலே. நான் போவுதேன்.”

“நீங்களா? படி வழுக்கும், அத்தான்.”

“பைய போவுதேன்.”

வாசலில் நின்றேன். தொண்டையைச் செருமினேன். கூவினேன். பழைய நீளம் இல்லை. பாதியில் கீச்சென்று உடைந்தது, ஐயாவுக்கு உடைந்த மாதிரியே. எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும்.

டீ மட்டும் கொட்டவில்லை.