வெக்கை புகாத கதவு

புங்குடுதீவு,
03.03.2025

அன்பின் தம்பி சுதாகரனுக்கு,

நான் சுகம். நீயும் இந்துஜாவும் சுகமாயிருக்க அம்மாளாச்சி துணை நிற்பா. போனில் கதைத்தால் இரண்டாம் வசனத்திலேயே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. அதுதான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ கேட்டபடி, நான் சமைக்கிற குசினிச் சுவரோடு ஒட்டிக் கராஜ் எழும்பிவிட்டது. பத்திநாதர் மேசன் வாசலை அளந்தார். ஒன்பதடி அகலம், ஏழடி உயரம். கதவு சுருண்டு நிற்கிற பெட்டிக்கென்று மேலே இன்னும் இடம் விட வேண்டுமாம். சாதாரணத் தகரச் சட்டர் என்றால் யாழ்ப்பாணத்தில் உடனே எடுக்கலாம் என்கிறார். நீயோ நடுவில் நுரை அடைத்த, வெக்கை புகாத உருட்டுக் கதவுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாய். காருக்கு வேர்க்குமோ தம்பி? முதலில் கார் எங்கே?

அன்புடன்,
அக்கா மீனலோசனி

பிரம்டன், கனடா,
06.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தகரம் வேண்டவே வேண்டாம். மத்தியான வெயிலில் கை வைக்க ஏலாது. எங்கள் உப்புக் காற்றுக்கு இரண்டு மாரியில் துருப்பிடித்துவிடும். அலுமினியம்தான், நடுவில் நுரை. அடியில் றப்பர் நிலத்தோடு ஒட்டி நிற்கவேண்டும், பூரான் நுழையக் கூடாது. மோட்டர் பூட்டினாலும், கரண்ட் நின்றால் கையால் சுழற்றித் திறக்க ஒரு பிடி இருக்கவேண்டும். அது உள்பக்கம் இருக்கட்டும். பின்சுவரில் ஒரு யன்னல், மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய். நிறத்தை நீங்களே சொல்லுங்கள்.

சித்திரையில் வருகிறேன். மிச்சத்தை நேரில் கதைப்போம்.

உங்கள் தம்பி,
சுதாகரன்

புங்குடுதீவு,
11.03.2025

சுதாகரன்,

இன்று பத்திநாதர் வந்து, "அக்கா, கக்கூசுக் கிடங்கு எந்தப் பக்கம் வெட்டுறது? தம்பி போனிலை சொன்னவர்" என்று கேட்டார். உடனே உன் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். யன்னல், குழாய், உள்ளுக்கிருந்து திறக்கிற பிடி, பூரான் வராத றப்பர். காரைப் பூரான் கடிக்குமோ? நான் என்ன சின்னப் பிள்ளையா?

நீயும் இந்துஜாவும் வந்து வீட்டில் இருக்கப் போகிறீர்கள். அக்காவுக்குக் கராஜ். அக்காவுக்கு வெக்கை பிடிக்கக் கூடாது என்று நல்ல கதவாகவும் தேடியிருக்கிறாய், பெரிய மனசு.

இது ஐயா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. நாட்டுச் சண்டை முடிந்த பிறகு ஓடும் சீலிங்கும் போட்டது நீதான், என் மனுசன் காலமான பிறகு என்னைத் தாங்கினதும் நீதான். நான் ஒருநாளும் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என்னைக் குசினிக்கு வெளியே தள்ளலாமோ? கேட்டிருந்தால் நானே ஒதுங்கியிருப்பேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது, கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

கராஜ் வாசலைக் கல் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டேன். இனி எனக்குப் போன் எடுக்காதே.

மீனலோசனி

பிரம்டன்,
19.03.2025

அக்கா,

எத்தனை தரம் போன் எடுத்தும் நீங்கள் தூக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த அறை உங்களுக்கில்லை, எனக்கு. இந்துஜா போன ஐப்பசியிலேயே பிரிந்து போய்விட்டாள். அவளில் நான் பிழை சொல்லமாட்டேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் அவளைச் சுகம் விசாரிக்க, எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இங்கே ஒரு நிலக்கீழ் அறையில் தனியே இருக்கிறேன். இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் தமக்கையின் சீதன வீட்டில் தம்பி வந்து குந்தியிருக்கிறான் என்று சனம் கதைக்கும். பெண்சாதி விட்டுப் போனவன் என்றும் சேர்த்துக் கதைக்கும். கராஜ் கட்டுகிறேன் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டினம், பிறகு அதிலேயே ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்துகொள்ளலாம். இத்தனை வருஷம் பனியில் கிடந்த உடம்பு வெக்கை தாங்காது, அதுதான் அந்தக் கதவு.

அடைத்தது அடைத்தபடியே இருக்கட்டும். டிக்கெட்டை நிறுத்தப் போகிறேன்.

சுதாகரன்

புங்குடுதீவு,
22.03.2025

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று வாசித்தேன். சோறு அடிப்பிடித்துப் போயிற்று. முதலில் அழுதேன், பிறகு உன்மேல் கோபம் வந்தது. ஐப்பசி தொடக்கம் தனியே கிடந்திருக்கிறாய், விசரா, என்னிடம் சொல்ல உனக்கு என்ன வெட்கம்? நானும் எழுதக் கூடாததெல்லாம் எழுதிவிட்டேன். மனதில் வைத்திராதே.

பத்திநாதரைக் கூப்பிட்டுக் கல்லை எடுப்பித்தேன். "அக்கா, கட்டுறதும் நானோ, உடைக்கிறதும் நானோ?" என்று புறுபுறுத்தார். நுரைக் கதவுக்குச் சொல்லியாயிற்று. சாம்பல் நிறம், புழுதி தெரியாது. பிடி உள்பக்கம். கக்கூசுக் கிடங்கு பனையடிப் பக்கம்.

சனம் கதைத்தால் நான் பதில் சொல்லுவேன். என் சீதன வீட்டில் யாரை வைத்திருக்கிறது என்று நான்தான் சொல்லவேண்டும்.

உன்னைக் கேளாமல் ஒரு வேலையும் செய்வித்தேன். குசினிச் சுவரை வெட்டி, உன் அறைக்கு ஒரு வாசல் விட்டிருக்கிறது. அதற்கு என்ன கதவு போடுவது என்று பத்திநாதர் கேட்டார். அதற்குக் கதவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிக்கெட்டை நிறுத்தாதே.

உன் அக்கா,
மீனலோசனி