பெய்சென் வீட்டுச் சாவி

அன்பு மகள் ரௌஷானுக்கு அம்மா எழுதுவது,

உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் குழந்தை இன்ஜுவும் அங்கே இருமல் காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மாப்பிள்ளை சபீர் எண்ணெய் வயலிலிருந்து பேசினார், அங்கே காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறதாம், ஆனால் சாப்பாடு பரவாயில்லை என்றார். கையில் ஃபோன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் ஃபோனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், இது அவர் காதில் இப்போது விழக்கூடாத விஷயம். அதனால் அரிசி மூட்டைக்குள் வைத்து ரயிலில் அனுப்புகிறேன். நீ எப்போதும் மூட்டை வாங்கிக்கொள்கிற, ரயிலில் ஒன்பதாம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணிடம்தான் கொடுக்கிறேன், அரிசியோடு காய்ந்த மீனும் தயிர்க்கட்டியும் இருக்கிறது, மீனை அந்த அறையில் பிரிக்காதே, அறையில் உன்னோடு தங்கியிருக்கிற நர்ஸ் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

உன் அப்பா அல்மாட்டியில் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரொட்டி வாங்கப் போனாலும் சரி, டோமினோ கட்டை ஆடப் போனாலும் சரி, என் மகளுக்கு அல்மாட்டியில் வீடு பிடித்துக் கொடுத்துவிட்டேன், அதுவும் மலை தெரிகிற வீடு, அதுவும் நம் சின்ன ஊர் கிசிலோர்தா வாடகைக்கு என்று சொல்லிச் சொல்லித் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கேட்கிறவர்கள் நம்பாமல் சிரிக்கிறார்கள், இவர் ஃபோனில் எடுத்த ஜன்னல் படத்தைக் காட்டுகிறார். நீயும் அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதாய். குழந்தையோடு இருப்பவர்களுக்கு வீடு இல்லை என்று எத்தனை பேர் உன்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், இருக்கிற அறையிலும் புது வருடத்துக்கு மேல் குழந்தை கூடாது என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள், கேட்ட வாடகையைக் கொடுத்தால் உன் சம்பளத்தில் பால் வாங்க மிச்சமிருக்காது, அதெல்லாம் எனக்குத் தெரியாதா. வருகிற ஒன்றாம் தேதி சாவி கைக்கு வரப்போகிறது என்று நீ நாள் பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

விஷயம் இதுதான். அந்த வீட்டை பெய்சென் மாமா தானாகக் கொடுக்கவில்லை, உன் அப்பா கேட்டு வாங்கியது. அன்றைக்கு உனக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, இன்ஜுவை மட்டும்தான் அப்பா விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பட்டாளத்தில் ஒன்றாக இருந்த சிநேகிதன் வருகிறான் என்று பெய்சென் ஆடு அடித்திருக்கிறார், ஆட்டுத்தலையை அப்பா முன்னால் வைத்திருக்கிறார், அப்பா அதன் காதை அறுத்து இன்ஜுவுக்குக் கொடுத்திருக்கிறார், அதுவரை எல்லாம் முறைப்படிதான். தேநீர் முடிந்து கிளம்பும்போது பெய்சென், விருந்தாளியிடம் நம்மில் யாராக இருந்தாலும் கேட்கிற மாதிரி, “அமன்தாய், இவ்ளோ தூரம் வந்திருக்க, என்ன வேணும்னு வாய் விட்டுக் கேளு” என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்டால் விருந்தாளி எது கேட்டாலும் வீட்டுக்காரன் இல்லையென்று சொல்லக்கூடாது, அதனாலேயே விருந்தாளியும் பார்த்துத்தான் கேட்பான். நீங்கள் நன்றாயிருந்தால் போதும் என்பான், மிஞ்சிப்போனால் வேட்டை நாய்க்குட்டி ஒன்று கேட்பான். உன் அப்பா, “அந்தப் பக்கத்துத் தெருவுல பூட்டியே கெடக்கே உன் வீடு, அத என் மகளுக்கு எங்க ஊரு வாடகைக்குக் குடு” என்று போட்டு உடைத்துவிட்டார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் பெய்செனைத் திரும்பிப் பார்த்தார்களாம். பெய்சென் ஒரு நொடி தன் குல்லாவைக் கழற்றி மாட்டிக்கொண்டு, “குடுத்தாச்சு, எடுத்துக்கோ” என்றிருக்கிறார். மனுஷன் அந்த ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை, அதை நான் மறக்கமாட்டேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால் பெய்சென் மனைவி குல்யாஷ் போன செவ்வாய்க்கிழமை ஃபோன் பண்ணினாள். குறை சொல்ல இல்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ரொம்ப நேரம் தட்பவெப்பம் பேசிவிட்டு மெல்ல, “குல்பரம், ஜன்னலுக்கு நீலத்துல திரை போட்டிருக்கேன், ரௌஷானுக்குப் புடிக்குமா, இல்ல எடுத்துடவா? மருமகளுக்குன்னு ஆசையா தச்சது” என்றாள். எந்த மருமகள் என்று கேட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த வீட்டைச் சும்மா பூட்டி வைக்கவில்லை, சின்ன மகன் நுர்போலுக்கு வசந்தத்தில் வரும் நவ்ரோஸ் பண்டிகை கழிந்து கல்யாணம், புது ஜோடி குடியேற வேண்டுமென்று தரையெல்லாம் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது புது ஜோடி பெய்சென், குல்யாஷோடு அவர்களுடைய இரண்டு அறை வீட்டுக்குள் இருக்கப் போகிறார்களாம், அந்தப் பெண் வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். “நீ எதுவும் செய்யாத, சொன்ன சொல்லத் திருப்பி வாங்குனா பெய்சென் வெளிய தலகாட்ட மாட்டாரு. தெரிஞ்சா அமன்தாய்க்கும் அவமானம். நான் திரையப் பத்தித்தான் கேட்டேன்” என்று நூறு தரம் சொன்னாள். நான் ஃபோனை வைத்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

எனக்கு உன் அப்பாமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார். முப்பது வருஷம் ரயில் ஓட்டினார், ஒரு நாள் யாரிடமாவது லீவுக்குச் சிபாரிசு கேட்டிருப்பாரா? இந்தக் கூரை ஒழுகியபோதுகூடத் தம்பியிடம் ஏணி கடன் கேட்க மாட்டேன் என்று மேஜைமேல் நாற்காலி போட்டு ஏறி விழுந்தவர், அந்த முழங்கால்தான் இன்றைக்கும் வலிக்கிறது. அப்படிப்பட்டவர் நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து கேட்டிருக்கிறார் என்றால் நீ அந்த அறையில், இரண்டு பெண்களுக்கு நடுவே, குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு தூங்குவதைப் பார்த்த பிறகுதான். அவருக்கு மனசு தாங்கவில்லை, எனக்கும் தாங்காது.

வேண்டாமென்று சாவியைத் திருப்பிக் கொடுத்தால் பெய்சென் முகத்தில் அடித்த மாதிரி. வைத்துக்கொண்டால் ஒரு புதுப்பெண்ணின் வீட்டில் நீ உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒரு நாள் முழுக்க மாவு பிசைந்துகொண்டே யோசித்தேன், மறுநாள் உன் அப்பா டோமினோ ஆடப் போன நேரம் பார்த்து குல்யாஷை ஃபோனில் கூப்பிட்டு இப்படிச் சொன்னேன். ரௌஷான் ஒன்றாம் தேதி சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள், குளிர்காலம் முழுக்க அங்கே இருப்பாள், பெய்சென் சொன்ன சொல்லும் தவறாது. கல்யாணத்தில் மணப்பெண் முகத்திரை தூக்கும்போது பாட்டுக்காரன் சொந்தங்களைப் பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவானே, பெண் குனிந்து வணங்க நாம் முகம் பார்த்த சீர் வைப்போமே, அப்போது அந்தச் சாவியைத் தட்டில் வைத்துவிடுகிறோம் என்றேன். முகம் பார்த்த சீரை உலகத்தில் எந்த மாமனாரும் வேண்டாமென்று சொல்ல முடியாது, நாங்கள் கேட்டதைப் பெய்சென் கொடுத்தார், மணப்பெண் முகம் பார்த்ததுக்கு நாங்கள் கொடுக்கிறோம். குல்யாஷ் முதலில் அழுதாள், அப்புறம் சிரித்தாள், “அடி கள்ளி, இந்த மூளைய வச்சுக்கிட்டா அங்க ரொட்டி சுட்டுக்கிட்டிருக்க” என்றாள். திரையை எடுக்காமல் விடு, என் மகள் கறை படாமல் பார்த்துக்கொள்வாள் என்று சொன்னேன்.

உன்னைக் கேட்காமல் நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன், உன் அப்பா செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், கோபம் வந்தால் என்மேல் காட்டு. நிலையான வீடு என்று நினைத்தாய், இப்போது ஒரு குளிர்காலம்தான் என்கிறேன். எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் புது வருடத்தில் குழந்தையோடு தெருவில் நிற்க வேண்டாம், அவசரத்தில் கிடைத்த பொந்தில் நுழைய வேண்டாம், நின்று நிதானமாகத் தேட உனக்கு நாள் இருக்கிறது. அப்பாவுக்கு நான் நவ்ரோஸ் வரும்போது சொல்லிக்கொள்கிறேன், இரண்டு நாள் என்னோடு பேசமாட்டார், மூன்றாம் நாள் கல்யாணத்துக்குப் போகக் கோட்டுக்கு இஸ்திரி போடுவார். சாவியை அவர்தான் தட்டில் வைக்க வேண்டும், பாட்டுக்காரன் அமன்தாய் என்று பேர் சொல்லிப் பாடும்போது.

இனிமேல் தேடும்போது மேலே மலைப்பக்கம் பார்க்காதே, அங்கே காற்றுக்கும் சேர்த்து வாடகை வாங்குகிறார்கள். ரொம்பக் கீழேயும் போகாதே, குளிரில் புகை அங்கேதான் வந்து உட்கார்கிறது, இன்ஜுவுக்கு நெஞ்சு பலமில்லை. நடுவில் எங்காவது, ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் போகிற மாதிரிப் பார். வீடு பார்க்கிற அன்றைக்கே அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாயை மேலும் கீழும் தொட்டுப் பார், மேல்முனை மட்டும் சுட்டால் நம்பாதே. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசு, வீட்டுக்காரன் சொல்லாததை எல்லாம் அவர்கள் சொல்லிவிடுவார்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதே. முக்கியமாக இன்ஜுவைக் கையோடு கூட்டிக்கொண்டு போ, குழந்தையை மறைத்து வாங்கிய வீட்டில் அவள் ஓடினாலும் பயம், சிரித்தாலும் பயம். அவளைப் பார்த்தும் உள்ளே வா என்கிறவன் ஒருத்தன் அந்த ஊரில் இருக்காமலா போவான். சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே, காதை மூடிக் கட்டிக்கொண்டு போ. அல்லா உனக்கு விசாலமான வாசலையும் நல்ல அக்கம்பக்கத்தையும் கொடுக்கட்டும், மாப்பிள்ளை பத்திரமாகத் திரும்பி வரட்டும், என் பேத்தி வளர்ந்து உயரட்டும்.

முடிக்கும் முன்னால் ஒன்று. மூட்டையோடு துணி சுற்றிய பலகை இரண்டு வரும். கோட்டு மாட்டுவதற்கு உன் அப்பா கொட்டகையில் உட்கார்ந்து செய்தார், பெரியது உனக்கும் மாப்பிள்ளைக்கும், சின்னது தாழ்வாக அடிக்க, இன்ஜுவுக்கு. அவள் உயரம் எவ்வளவு என்று அங்கே வந்தபோதே தன் பெல்ட்டில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆணியையும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார், எந்தச் சுவர் என்று ஃபோனில் கேட்பார், வாசலுக்கு வலப்பக்கம் என்று சொல்லிவை. ஆனால் கண்ணு, அந்த வீட்டில் ஆணி அடிக்காதே, பலகையைச் சுவரோரம் சாய்த்து வை. ஆணியைத் தொலைத்துவிடாதே, உனக்கென்று ஒரு வீடு வந்ததும் சாமான் இறக்கும் முன்னால் முதலில் அதை அடி.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா குல்பரம்,
கிசிலோர்தா.