அக்காவுக்கு அடிக்காத மணி

என் ரோசலி அக்காவுக்கு,

உனக்கு மணி அடித்தாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ பெரிய வெள்ளி காலையில் போனாய். பெரிய வியாழன் பூசையில் ஓய்ந்த கோயில் மணியை உயிர்ப்புத் திருவிழாவுக்குத்தான் மறுபடி அடிப்பார்கள். நடுவில் யார் செத்தாலும் துக்க மணி கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள்; அது எவ்வளவு தூரம் கேட்கும்? முந்திரிக் காட்டுக்குள் குடியிருப்பவர்களுக்குச் சேதியே போகவில்லை. பெரிய வெள்ளியில் பூசையும் கிடையாது; அதுவும் இல்லாமல் பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டோம். ஊரில் யாருக்கு வலி எடுத்தாலும் ஓடியவள் நீ. உன் பெட்டியைத் தூக்க ஆள் தேடினோம், அக்கா. எப்படிப் பொறுத்துக்கொண்டாய்?

வருட நினைவையும் பெரிய வெள்ளியில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். சாமியாரிடமே சண்டைக்கு நின்றாள்.

"பெரிய வெள்ளி ஒரே தேதியில நிக்காதும்மா," என்றார் அவர். "ஆண்டவர் பாடுபட்டது யூதருங்க பாஸ்கா சமயம். அது நிலாவைப் பாத்து வர்ற திருநாள். அதனாலதான் நாமளும் ராவும் பகலும் சமமாகுற நாளுக்கப்புறம் வர்ற பௌர்ணமியைப் பாத்து, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமைய உயிர்ப்புத் திருநாளா வெக்கிறோம். இந்த வருசம் மூணு வாரம் தள்ளிப் போயிருக்கு. உங்க மக போன தேதி வெறும் தவக்கால நாளுதான். பூசை வெக்கலாம்."

அம்மா பட்டென்று கேட்டாள்: "அப்ப மணி அடிக்கலாங்களா சாமி?"

"அடிக்கலாம்மா."

நேற்றுக் காலை அடித்தார்கள். துக்க மணிதான், விட்டு விட்டு. கொஞ்ச நேரத்தில் முந்திரிக் காட்டுப் பக்கமிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேலையைப் போட்டுவிட்டு, தோளில் துண்டோடு, ஓட்டமும் நடையுமாக.

"யாரு தவறிட்டாங்க?"

அம்மா கோயில் வாசலிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள்: "எம் மக ரோசலி. போன வருசமே போயிட்டா. இப்பத்தான் மணி அடிக்குது."

யாரும் திரும்பிப் போகவில்லை. பூசை முடிந்ததும் அத்தனை பேரும் உன் கல்லறைக்கு வந்தார்கள். அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

நிலா நகர்ந்து நகர்ந்து, என்றைக்காவது உன் தேதியிலேயே பெரிய வெள்ளி வந்து நிற்குமாம். அன்று மணி இருக்காது. நான் இருந்தால், முந்திரிக் காட்டில் வீடு வீடாகப் போய் உன் பெயரைச் சொல்லிவிட்டு வருவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி செல்வி