ஈர மடி

திருவண்ணாமலை
7.11.2025

அன்புள்ள கீதாஞ்சலிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. இரண்டு அறை வீட்டில் போனில் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். போனை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் ஒட்டிய உறையை எச்சில் என்று என் மாமியார் தொடக்கூட மாட்டார்.

எனக்கு அந்த இடத்தில் அரிப்புடி. மழை ஆரம்பித்ததிலிருந்து தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுகிறது. சிறுநீர் கழித்தால் எரிச்சல். உடம்புச் சூடு என்றார்கள், வெந்தயம் தின்றேன். எலும்பு உருகுகிறது என்று பக்கத்து வீட்டு மாமி சொன்ன நாளிலிருந்து தூக்கமே போய்விட்டது. எங்கள் வீட்டு மடி உனக்குத் தெரியும். விடிவதற்குள் குளித்து, நனைத்த புடவையைக் கட்டிக்கொண்டு, பூஜை நைவேத்தியம் முடியும்வரை யாரையும் தொடாமல் சமைக்க வேண்டும். இப்படி ஒன்று உடம்பிலிருந்து வரும்போது சுவாமிக்குச் சமைக்கலாமா என்று பயந்து, காயத்துக்குப் போடும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து காலையும் மாலையும் உள்ளே கழுவுகிறேன். அரிப்பு ஜாஸ்திதான் ஆகிறது.

இதெல்லாம் போகட்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே வலிக்குமே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. நேற்று கோயில் வேலை முடிந்து வந்தவர், "சிவா, உனக்கு இங்க இருக்கப் பிடிக்கலேன்னா சொல்லிடு. தீபம் முடிஞ்சதும் உங்காத்துல கொண்டு விடறேன். எத்தனை நாள் வேணுமோ இருந்துக்கோ" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னார். கீதா, எனக்கு சோமேஷை எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்!

டாக்டரிடம் போகலாமா? கேன்சர் என்று சொல்லிவிட்டால்? உடனே பதில் போடு.

உன்
சிவப்பிரியா


கீழ்பென்னாத்தூர்
10.11.2025

அடியே சிவா,

வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். "இன்னாடி, யாரு போட்ட லெட்டரு?" என்றாள் அம்மா. "பேங்க்ல இருந்து" என்று புளுகினேன். புளுக வைத்த பாவம் உன் தலையில்.

எலும்பும் உருகவில்லை, ஒன்றும் உருகவில்லை! அப்படிச் சொன்ன மாமியை எங்கள் ஊருக்கு அனுப்பு, கடலை உரிக்க ஆள் கம்மியாக இருக்கிறது. போன வருஷம் எனக்கும் எரிச்சல் வந்து, வேங்கிக்கால் பக்கம் இருக்கும் டாக்டர் தேவிப்ரியாவிடம்தான் போனேன். பெண் டாக்டர். பொறுமையாகக் கேட்பார், எதைச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார். கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது, என்ன தொந்தரவு என்று கேட்பார். பிறகு படுக்கச் சொல்லி, மேலே துணி போர்த்தி, சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பார்ப்பார். குச்சியில் சுற்றிய பஞ்சால் கொஞ்சம் தொட்டு எடுப்பார். உன்னைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார், நிறுத்துங்கள் என்றால் நிறுத்திவிடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். "மூச்ச விடும்மா" என்றார், விட்டேன், முடிந்துவிட்டது. இதற்குத்தானா இத்தனை நாள் பயந்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தக் கழுவலை இன்றோடு நிறுத்து. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் பட்டா விஷயமாக மனு கொடுக்க வருகிறேன். பத்து மணிக்கு டாக்டர் வீட்டு வாசலில் நிற்பேன். நீ வரவில்லை என்றால் நேராகக் கோயிலுக்கு வந்து உன் வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிடுவேன். செய்வேனா மாட்டேனா என்று உனக்குத் தெரியும்!

கீதாஞ்சலி


திருவண்ணாமலை
18.11.2025

என் கீதா,

போய்விட்டு வந்துவிட்டேன்டி! நான்! தனியாக!

வாசலில் நிற்பேன் என்றாயே, ஆளையே காணோம். மழையில் பஸ் நின்றுவிட்டது என்று நீ மெசேஜ் அனுப்பியபோது உள்ளே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடிவிடலாமா என்று செருப்பைக்கூடப் பார்த்தேன். கால் என்னவோ உள்ளே போய்விட்டது.

எல்லாம் நீ சொன்னபடியே நடந்தது. கேன்சர் இல்லை! ஈஸ்ட் என்கிற பூஞ்சையாம், நிறையப் பெண்களுக்கு வருமாம். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தமும் எடுத்தார்கள், இல்லை. அப்புறம் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஈரத்துணியோட ஜாஸ்தி நேரம் இருக்கற மாதிரி வேல எதுனா செய்றீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மடியைப் பற்றிச் சொன்னேன். வெயில் காலத்தில் நனைத்துக் கட்டினாலும் சமையல் முடிவதற்குள் உடம்பிலேயே காய்ந்துவிடும், இந்த மழையில் மத்தியானம் வரை ஈரத்தோடுதான் நிற்கிறேன் என்றேன். கழுவுவதையும் சொன்னேன்.

"ஏம்மா, உள்ள அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். அதுக்குனு நல்ல கிருமிங்க இருக்கு. நீங்க மருந்த ஊத்தி அதுங்கள வெரட்டிட்டு, ஈரத்தையும் குடுத்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தானே? வெளிய வெறும் தண்ணி போதும். உங்க பாஷையில சொல்லணும்னா, அது எப்பவுமே மடிதாங்க" என்றார்.

கீதா, நான் அழுதுவிட்டேன். இத்தனை நாள் என்னையே அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

இரவில் உள்ளே வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்திருக்கிறார். காய்ந்த துணிதான் கட்ட வேண்டும். மாத்திரை முடியும்வரை சேர்ந்திருக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடச் சொன்னார். அதுதான் எப்படி என்று தெரியவில்லை. அவர் தீப வேலையில் அலைகிறார், என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஊருக்குப் போக என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்.

சிவப்பிரியா


கீழ்பென்னாத்தூர்
21.11.2025

சிவா,

சொன்னியா இல்லியா? அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாக்கும்! டாக்டரிடம் சொன்ன வாய்தானே? அதே வார்த்தைகளை அப்படியே சொல். எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

கீதா


திருவண்ணாமலை
25.11.2025

கீதா கண்ணே,

சொல்லிவிட்டேன்!

முந்தாநாள் மத்தியானம் அவருக்குச் சாதம் போட்டேன். மோர் ஊற்றினேன். இனித் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றி, பூஞ்சை, எரிச்சல், மாத்திரை என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் பிசைந்த சாதத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கா சுவரைப் பார்த்துண்டு படுத்தே? என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சுண்டு நான்..." என்றார். பிறகு, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன், அவர் அழுதார்.

இரண்டு அறை வீடாயிற்றே! மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே நின்றிருக்கிறார். மடி போச்சு என்று வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஈரத்தோட நிக்காதேன்னு நேக்கு யாரும் சொல்லலையேடி. கல்யாணம் ஆனதிலேர்ந்து மழைக்காலம் வந்தா நேக்கும் இதேதான். பொம்மனாட்டி ஜென்மம்னா இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு, "அந்த டாக்டர் என்னையும் பார்ப்பாளா?" என்று மெல்லக் கேட்டார். நான் மாமியாரைக் கட்டிக்கொண்டேன், மடியாவது ஒன்றாவது! இப்போது புடவைகள் அடுப்பங்கரைக் கொடியில் ராத்திரியே காய்கின்றன. காய்ந்த மடியும் மடிதான் என்று மாமியாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அரிப்பு போயே போய்விட்டது. இன்று காலை, இவர் முன்பே சொல்லிவைத்திருந்ததால் என் அப்பா போன் செய்து, என்னை அழைத்துப்போக எப்போது வரட்டும் என்று கேட்டார். சோமேஷ் என் கையிலிருந்து போனை வாங்கினார். "மாமா, தீபத்துக்கு நீங்களும் மாமியும் இங்க வாங்கோ. இவ எங்கயும் வரலை" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "வரலைதானே?" என்று கேட்டார்.

உன்
சிவப்பிரியா